மீட்டர் 54 காட்டுது! பேட்டரி செத்துக் கிடக்குது!

மழை கொட்டும். மின்சாரம் போகும். சில மணி நேரத்தில் போனும் போகும். "டவர் போச்சுப்பா!" என்று சொல்லிக்கொண்டு ஜனங்கள் மொட்டை மாடிக்கு ஓடுவார்கள். கையை உயரத் தூக்கிப் பிடித்து, ஒரு கோடு சிக்னலாவது கிடைக்காதா என்று பார்ப்பார்கள். கிடைக்காது.

சென்னைக்கு இது புதுசு அல்ல. 2015 டிசம்பர் முதல் வாரம் அடையாறு கரை புரண்டு ஓடியது. கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் முடிச்சூரிலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. மாடியில் சிக்கியவர்கள் கையில் போன் இருந்தது. பேச வழி இல்லை. 2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் வந்தது. மரம் விழுந்தது, மின்கம்பம் விழுந்தது, கூடவே போனும் விழுந்தது. 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயலில் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கக்கூட முடியாமல் வெளியூரில் இருந்தவர்கள் தவித்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. மறுபடியும் அதே கதை.

ஒவ்வொரு தடவையும் ஜனங்களுக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "மின்சாரம் இல்லை. அதனால் டவர் வேலை செய்யவில்லை."

இது ஒரு பதிலா? மின்சாரம் இல்லாத நேரத்துக்காகத்தானே டவருக்குக் கீழே வரிசையாக பேட்டரி அடுக்கி வைத்திருக்கிறார்கள்! அந்த பேட்டரி என்ன ஆச்சு? ஜனங்கள் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

24 பேர் வரிசை

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆனாலும் செல்போன் டவர் ஆனாலும் உள்ளே ஓடுவது 48 வோல்ட் மின்சாரம். தெருவில் வரும் கரண்டை ஒரு சார்ஜர் வாங்கி, 48 வோல்ட் வகை நேர் மின்சாரமாக மாற்றிக் கொடுக்கிறது. அதே சார்ஜர் பேட்டரியையும் நிரப்பி வைக்கிறது. தெருக் கரண்ட் போன அந்த நொடியில் பேட்டரி சுமையைத் தாங்கிக்கொள்ளும். பேசிக்கொண்டு இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

ஈய பேட்டரி என்றால் ஒரு செல் 2 வோல்ட். 24 செல்லை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் 48 வோல்ட். தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் லாரியில் இருந்து வீடு வரை 24 பேர் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றுவதைப் போலத்தான் இது. 23 பேர் பயில்வானாக இருந்து பலன் இல்லை. நடுவில் ஒருத்தர் மயங்கி விழுந்தால் குடம் அங்கேயே நிற்கும். 24 செல்லில் ஒன்று கெட்டாலும் முழு வரிசைக்கும் அதே கதிதான்.

பொய் சொல்லாத மீட்டர்

சாதாரண நாளில் சார்ஜர் ஒரு செல்லுக்கு 2.25 வோல்ட் வீதம் கொடுத்துக்கொண்டே இருக்கும். 24 செல்லுக்குக் கணக்குப் போட்டால் 54 வோல்ட். அலமாரியின் மேலே உள்ள மீட்டரைப் பார்த்தால் 54 என்று காட்டும். பார்க்கிறவர் நோட்டில் '54, சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். வேலை முடிந்தது.

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. அந்த 54, பேட்டரியின் வோல்ட் அல்ல. சார்ஜரின் வோல்ட். பேட்டரி ஜோராக இருந்தாலும் 54. பாதி செத்திருந்தாலும் 54. இன்னும் ஒரு படி மேலே போனால், ராத்திரியோடு ராத்திரியாக பேட்டரி மொத்தத்தையும் திருடன் தூக்கிக்கொண்டு போய்விட்டாலும் தெருக் கரண்ட் இருக்கிற வரைக்கும் அந்த மீட்டர் 54-தான் காட்டும்! டவரும் ஓடும். போனும் பேசும். கரண்ட் போகிற அன்றைக்குத்தான் குட்டு உடையும்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. அதனிடம் தப்பான கேள்வியைக் கேட்கிறார்கள்.

ஒருத்தர் தெம்பாக இருக்கிறாரா என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்து இருக்கும்போது பார்த்தால் தெரியுமா? மூட்டையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். பேட்டரிக்கும் அதே சோதனைதான். சார்ஜரை நிறுத்திவிட்டு, சுமையை பேட்டரி மேல் ஏற்றி, ஒவ்வொரு செல்லும் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று மணி பார்த்துக் குறிக்க வேண்டும். எந்த செல் சட்டென்று சரிகிறதோ அதுதான் நோயாளி.

80-க்குக் கீழே போனால் போச்சு

புது பேட்டரியின் திறன் 100 என்று வைத்தால், அது 80-க்குக் கீழே இறங்கியதும் மாற்றிவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க என்ஜினீயர்கள் ஒப்புக்கொண்ட கணக்கு. இன்னும் 80 இருக்கிறதே, ஓட்டலாமே என்று தோன்றும். ஓட்ட முடியாது. அந்த இடத்துக்குப் பிறகு பேட்டரி மெதுவாக இறங்குவது இல்லை. மாடிப்படியில் கால் தவறியவர் மாதிரி கடகடவென்று இறங்கும்.

மூடி போட்ட ஈய பேட்டரிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு செல்லின் உள் தடையையும் அளக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது சுமை ஏற்றிப் பார்க்க வேண்டும். வயசு ஏறிய பேட்டரியை வருஷா வருஷம் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மின் என்ஜினீயர்களின் ஐ.இ.இ.இ. சங்கம் எழுதி வைத்திருக்கிறது. இந்தியாவிலும் தொலைத்தொடர்பு துறையின் கீழ் டி.இ.சி. என்ற என்ஜினீயரிங் மையம் இருக்கிறது. டெலிபோன் பேட்டரிக்கு அதுவும் தரம் வகுத்து இருக்கிறது. ஆக, என்ன செய்ய வேண்டும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல.

உள் தடையை அளக்க கையில் பிடிக்கிற மீட்டர் வந்து ரொம்ப காலம் ஆச்சு. பேட்டரியைக் காலி செய்ய வேண்டியது இல்லை. செல்லின் இரண்டு முனையிலும் வைத்தால் நம்பர் வந்துவிடும். பேட்டரி புதுசாக வந்த அன்றைக்கு எடுத்த நம்பரோடு ஒப்பிட்டால், எது கெட்டுக்கொண்டு வருகிறது என்று முன்கூட்டியே தெரியும். ஒவ்வொரு செல்லிலும் ஒரு சின்னக் கருவியை மாட்டி, வோல்ட்டையும் சூட்டையும் கண்ட்ரோல் ரூமுக்கே அனுப்புகிற வசதியும் இருக்கிறது. புதுசாக வரும் லித்தியம் பேட்டரியில் இந்தக் காவல்காரன் உள்ளேயே உட்கார்ந்து இருக்கிறான். ஆனால் அவன் கூப்பிடும்போது எழுந்து போக ஆள் வேண்டுமே! கண்ட்ரோல் ரூமில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் யாருக்கு என்ன லாபம்?

வெயில் வாங்கும் உயிர்

பேட்டரிக்கு முதல் எதிரி வெயில். நிர்ணயித்த சூட்டுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும். 10 வருஷம் உழைக்கும் என்று சொல்லி வாங்கிய பேட்டரி, எந்நேரமும் 10 டிகிரி கூடுதல் சூட்டில் கிடந்தால் 5 வருஷம் தாங்குவதே அதிகம். சென்னையில் கத்திரி வெயிலில் மொட்டை மாடித் தகரப் பெட்டிக்குள் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியது இல்லை. கையை வைத்தால் சுடும். பேட்டரி மே மாதமே செத்துவிடும். ஜனங்களுக்கு அது டிசம்பரில்தான் தெரியும்.

இரண்டாவது எதிரி, அடிக்கடி வரும் மின்வெட்டு. காலியான பேட்டரி முழுசாக நிரம்புவதற்குள் மறுபடி கரண்ட் போனால், உள்ளே உள்ள தகட்டில் உப்பு மாதிரி படிந்து இறுகிவிடும். அரை வயிற்றோடு தினம் மூட்டை தூக்குகிறவர் எத்தனை நாள் தாங்குவார்?

மூன்றாவது எதிரி, மனுஷன் போடும் சுமை. ஒரு கம்பெனிக்காக நட்ட டவரில் இன்னொரு கம்பெனி வந்து ஏறும். 3ஜி வந்தது, 4ஜி வந்தது, 2022 அக்டோபரில் 5ஜி-யும் வந்தது. மேலே பெட்டி கூடிக்கொண்டே போகிறது. கீழே பேட்டரியும் அதற்கேற்பக் கூடியதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 600 ஆம்பியர்-அவர் பேட்டரி. 50 ஆம்பியர் சுமை. காகிதக் கணக்குப்படி 12 மணி நேரம். சுமை 100 ஆம்பியர் ஆனால் 6 மணி நேரம். பேட்டரியும் பாதியாகத் தேய்ந்திருந்தால் 3 மணி நேரம். நடைமுறையில் அதுவும் கிடைக்காது. சுமை ஏற ஏற ஈய பேட்டரி தன் முழு சரக்கையும் தராது.

சாயங்காலம் 6 மணிக்கு மின்சாரம் போனால் 9 மணிக்குள் டவர் அவுட். வெள்ளம் வீட்டுக்குள் வருவதோ நள்ளிரவில்!

டீசல் வருமா?

"ஜெனரேட்டர் இருக்கிறதே" என்று சமாதானம் சொல்வார்கள். இருக்கிறது. எல்லா இடத்திலும் இல்லை. இருக்கிற இடத்திலும், இடுப்பளவு தண்ணீரில் டீசல் வண்டி எப்படிப் போகும்? தரையில் வைத்த ஜெனரேட்டர் முழுகிப்போனால் என்ன செய்வது? இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஜெனரேட்டரைக் கிளப்பிவிடுவதே ஒரு சின்ன பேட்டரிதான். அதுவும் செத்துக் கிடந்தால், டேங்க் நிறைய டீசல் இருந்தும் வண்டி உறுமாது.

அந்தக் காலத்து பேட்டரி ரூம்

பழைய டெலிபோனுக்கு வீட்டில் கரண்டே வேண்டாம். எக்ஸ்சேஞ்சில் இருந்து வரும் செம்புக் கம்பியிலேயே அந்த 48 வோல்ட் வந்துவிடும். ஊரே இருட்டாகக் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் ஙொய்ங் என்று சத்தம் கேட்கும். காரணம், எக்ஸ்சேஞ்சில் பேட்டரி ரூம் என்று ஒரு தனி அறை. ஆள் உயர செல்கள். திராவகத்தின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரால் அளந்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஒவ்வொரு செல்லையும் நோட்டில் எழுதுவதற்கென்றே ஆள் இருந்தார்கள். பார்க்காவிட்டால் தண்ணீர் வற்றிவிடும். அதனால் பார்த்தே ஆகவேண்டும்.

பிறகு மூடி போட்ட பேட்டரி வந்தது. தண்ணீர் ஊற்ற வேண்டாம். 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே வினையாகப் போச்சு. தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்றுதான் அர்த்தம். திரும்பியே பார்க்க வேண்டாம் என்று அர்த்தம் அல்ல. திறந்த பேட்டரியில் கண்ணால் பார்த்தே நோயைச் சொல்லலாம். மூடிய பேட்டரியில் உள்ளே நடப்பது வெளியே தெரியாது. அதனால் இதைத்தான் அதிகமாகச் சோதிக்க வேண்டும். நடப்பதோ தலைகீழ்!

இப்போது வீட்டுக்கு வருவது கண்ணாடி இழை. அதில் மின்சாரம் வராது. வீட்டில் உள்ள பெட்டிக்குக் கரண்ட் போனால் லேண்ட்லைனும் போச்சு. ஆக, பாக்கி இருக்கும் ஒரே நம்பிக்கை செல்போன் டவர்தான்.

வெளிநாட்டில் பட்ட பாடு

பணக்கார நாடுகளும் இதில் அடிபட்டுத்தான் புத்தி கற்றன. 2011 மார்ச் 11-ந் தேதி ஜப்பானில் பூகம்பமும் சுனாமியும் தாக்கின. செல்போன் நிலையங்கள் சுமார் 29 ஆயிரம் முடங்கின. எல்லாம் அலையில் அடித்துப் போனவை அல்ல. மின்சாரம் போய், பேட்டரியும் தீர்ந்து, மறுநாள் வரைக்கும் ஒவ்வொன்றாக அணைந்தவையே ஏராளம்.

அமெரிக்காவில் 2005-ல் கத்ரினா புயல் அடித்தது. அதன் பிறகு, செல்போன் டவரில் 8 மணி நேரமும் எக்ஸ்சேஞ்சில் 24 மணி நேரமும் தாங்கும் மாற்று மின்சாரம் இருக்க வேண்டும் என்று 2007-ல் அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு கமிஷன் உத்தரவு போட்டது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. உத்தரவு அமலுக்கு வராமலே போனது. பிறகு கலிபோர்னியா மாநிலம் காட்டுத்தீ பயத்தில், தீ அபாயம் அதிகமுள்ள பகுதிகளுக்கு 72 மணி நேரம் என்று 2020-ல் உத்தரவிட்டது.

8 மணி, 24 மணி, 72 மணி என்று நேரத்தை எழுதிவிடலாம். வாங்கிய அன்று 8 மணி நேரம் தாங்கிய பேட்டரி, நாலு வருஷம் கழித்தும் தாங்குகிறதா என்று பார்ப்பது யார்? கேள்வி சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது.

பொறுப்பு யாருக்கு?

டவர் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். அதில் ஆன்டெனா மாட்டியவை வேறு கம்பெனிகள். பராமரிப்பு காண்டிராக்டில் இன்னொருவருக்கு. அவருக்குக் கீழே ஒரு டெக்னீஷியன். அவர் தலையில் பல டவர். பேட்டரி செத்தால் ஒருத்தர் இன்னொருத்தரைக் கை காட்டுவார். கடைசியில் அகப்படுவது அந்த டெக்னீஷியன்தான். பேட்டரி மாற்ற அவருக்கு அதிகாரம் உண்டா? கிடையாது. எழுதிக் கொடுக்கத்தான் முடியும்.

சோதனை செய்வதில் உள்ள சங்கடத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். சுமை ஏற்றி பேட்டரியைக் காலி செய்த நேரத்தில் கரண்ட் போனால் டவர் படுத்துவிடும். அந்தப் பயத்திலேயே பலர் தொடமாட்டார்கள். பயம் நியாயம்தான். அதற்கு வழியும் இருக்கிறது. ஜெனரேட்டரைத் தயாராக வைத்துக்கொண்டு, மழை இல்லாத மாதத்தில், முழுசாகக் காலி செய்யாமல் பாதி அளவு சோதனை செய்யலாம். ஆகஸ்டில் ஒரு மணி நேரம் டவர் நின்றால் ஜனங்கள் திட்டுவார்கள். டிசம்பரில் ஒரு ராத்திரி நின்றால் உயிர் போகும்.

2024-ல் டிராய் புது விதி கொண்டு வந்தது. ஒரு மாவட்டம் முழுக்க 4 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால் கம்பெனி 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். நல்ல விதி. ஆனால் அது செத்த பிறகு எழுதும் சர்டிபிகேட். சாகும் முன் நாடி பிடித்துப் பார்க்க என்ன ஏற்பாடு?

திருட்டு பேட்டரி

டவர் பேட்டரி திருட்டு தமிழ்நாட்டு போலீஸ் ஸ்டேஷன்களுக்குப் புதுசு அல்ல. உள்ளே இருப்பது ஈயம். எடைக்கு எடை காசு. ஆனால் 600 ஆம்பியர்-அவர் செல் ஒன்றே 30 கிலோவுக்கு மேல். 24 செல்லையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. வண்டி வேணும். ஆள் வேணும். முக்கியமாக, வாங்குவதற்கு ஒரு கடை வேணும். பழைய பேட்டரியை யார் வாங்கலாம், எங்கே அனுப்பலாம் என்று 2022-ம் வருஷத்து பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன. திருடியவனைப் பிடித்தால் மட்டும் போதாது. வாங்கியவர் யார் என்று போலீசார் தோண்ட வேண்டும்.

ஒரு செல்லைக் கழற்றினாலும் வரிசை அறுந்துவிடும். செல்லுக்குச் செல் கண்காணிப்புக் கருவி இருந்தால் அந்த நிமிஷமே மணி அடிக்கும். பேட்டரியின் உடம்பைப் பார்க்கிற கருவியே திருடனையும் காட்டிக்கொடுக்கும்.

செய்ய வேண்டியது

வடகிழக்கு பருவமழை அக்டோபரில் வரும். அது சொல்லாமல் வருகிற விருந்தாளி அல்ல. அதற்குள் செய்ய வேண்டியது இவை:

முதலாவது, வெள்ளம் புகும் பகுதிகளிலும் ஆஸ்பத்திரி, தீயணைப்பு நிலையம், போலீஸ் ஸ்டேஷன் பக்கத்திலும் உள்ள டவர்களை முதலில் எடுத்து, ஒவ்வொரு பேட்டரிக்கும் சுமை சோதனை நடத்த வேண்டும். 80-க்குக் கீழே வந்ததை உடனே மாற்ற வேண்டும்.

இரண்டாவது, பேட்டரி வைத்த தேதி, கடைசியாகச் சோதித்த தேதி, எத்தனை சதவீதம் என்ற மூன்றையும் பெட்டியின் மேலேயே பெயிண்டில் எழுத வேண்டும். தீயணைப்புக் கருவியில் தேதி எழுதுகிறார்களே, அதே மாதிரி.

மூன்றாவது, டவரில் புதுப் பெட்டி ஏற்றும் முன் பேட்டரிக் கணக்கையும் திருத்த வேண்டும்.

நாலாவது, மழைக்கு முந்திய ஆலோசனைக் கூட்டத்தில் கலெக்டர்கள் இந்தப் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். 2005-ம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மை சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கு கலெக்டர்தான் தலைவர். டெலிபோன் மத்திய சர்க்கார் விவகாரம் என்று ஒதுங்க முடியாது. எத்தனை படகு, எத்தனை மோட்டார் பம்பு, எத்தனை மணல் மூட்டை என்று கேட்கிறவர்கள், எத்தனை டவர் பேட்டரி பாஸ் ஆச்சு, எத்தனை பெயில் ஆச்சு என்றும் கேட்கட்டும்.

புயல் மின்கம்பத்தைச் சாய்த்தால் யாரையும் குறை சொல்ல முடியாது. புயல் வரும் முன்பே செத்துப்போன பேட்டரிக்குப் புயல் எப்படிப் பொறுப்பாகும்?

நள்ளிரவு. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. புருஷன் 108-க்குப் போட வேண்டும். போனில் சார்ஜ் இருக்கிறது. கையில் நம்பர் இருக்கிறது. அந்தப் பக்கம் ஆம்புலன்சும் தயார். நடுவில் இருக்கும் டவருக்குக் கீழே 24 செல்லில் ஒன்று மட்டும் செத்துக் கிடக்கிறது. ரிஜிஸ்டரிலோ '54, சரி' என்று கையெழுத்து இருக்கிறது.

அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு அந்தப் புருஷன் என்ன செய்வான்?